லிஃப்ட் செய்யும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது

மனைவியை அடிக்கத் துரத்திய இடத்தில்தான் சின்னராஜ் மொட்டை மாடியிலிருந்து விழுந்தார். அவள் படியில் இறங்கித் தப்பிவிட்டாள். குறுக்கே போய் மறித்துவிடலாம் என்று இவர் கைப்பிடிச் சுவர் கட்டாத பக்கமாக ஓடி, கீழே அடுக்கியிருந்த கருங்கல் மேல் மல்லாக்க விழுந்தார். நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் நைந்துபோனது. அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் இரண்டும் மட்டும் முன்பு போலவே இருந்தன.

இதை எனக்குச் சொன்னவர் அவருடைய அக்கா முத்தாயம்மாள். ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், தம்பியைப் பார்க்க மோகனூருக்கு வந்திருந்தார்.

"அவ ஓடாம நின்னிருந்தா ரெண்டு அடியோட போயிருக்கும் கண்ணு. ஓடி, எந்தம்பிய இந்தக் கதிக்கு ஆளாக்கிப்போட்டா. அதான் கடைசி வரைக்கும் அவளே பார்க்கோணும்னு நாங்க எல்லாருஞ் சேர்ந்து சொல்லிப்போட்டோம்" என்றார். சொல்லிவிட்டு, டாக்டரம்மாவுக்குக் காபி கொண்டுவா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். காபி கொண்டுவந்தவள்தான் ஓடிய குற்றவாளி. பெயர் கலைமணி.

நான் டாக்டரம்மா இல்லை. பிசியோதெரபிஸ்ட். பெயர் யாழினி. நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. மூட்டுவலி, பக்கவாதம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்டுவடக் காயம் புதிது. படிக்கும்போது ஒரு பாடமாகக் கடந்துபோனதோடு சரி. அதனால்தான் சின்னராஜை ஏற்றுக்கொண்ட கையோடு, தண்டுவடக் காயத்துக்கான ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியம் வகுப்பு. பெங்களூரிலிருந்து நித்யஸ்ரீ மேடம் நடத்துவார். அசாமிலிருந்து கேரளா வரைக்கும் பிசியோக்கள் கட்டம் கட்டமாகத் திரையில் உட்கார்ந்திருப்போம். அவரவர் நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மேடம் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, சரி தப்பு சொல்வார்.

முதல் நாளே சின்னராஜ் யார் என்று தெரிந்துவிட்டது. காபியில் சர்க்கரை தூக்கல் என்று எவர்சில்வர் டம்ளரை வீசினார். கலைமணியின் புருவத்தில் பட்டுக் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் முந்தானையால் அமுக்கிக்கொண்டு, குனிந்து டம்ளரை எடுத்துப் போனாள். அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அண்ணா, என் முன்னாடி இப்படிப் பண்ணுனா நான் வரமாட்டேன்" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. கைப்பழக்கம்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு, ஊரில் நல்ல பெயர் எடுத்த சிரிப்பு. கட்டிலை விட்டு நகர முடியாத ஆள், இதற்கு மேல் என்ன அடித்துவிட முடியும் என்று நானும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கால் போனவர்களுக்குக் கைதான் கால். வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், பின்புறம் புண் வராமல் இடுப்பைத் தூக்கிக் கொடுக்கவும், உடம்பு முழுவதையும் கை தாங்க வேண்டும். செங்கல்லில் துண்டைச் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து, அதன்மேல் கை ஊன்றி எழும்பச் சொன்னேன். சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கச் சொன்னேன். மனுஷன் சோம்பேறி இல்லை. சொன்னதற்கு மேல் இரண்டு மடங்கு செய்தார். தோளும் புஜமும் திரண்டு வந்தன. வீடியோவைப் பார்த்துவிட்டு நித்யஸ்ரீ மேடம் கை தட்டினார். திரையில் இருந்தவர்களும் தட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. புஜத்தைத் தொட்டுப் பார்த்து, "சூப்பர்ண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது ஆளைத் தூக்கி மாற்றும் பாடம். பார்த்துக்கொள்கிறவர் நோயாளிக்கு எதிரே நின்று, தன் முழங்காலால் அவர் முழங்காலை அணைகொடுத்து, இடுப்புத் துணியைப் பிடித்து முன்னால் சாய்த்துத் தூக்கி, நாற்காலிப் பக்கம் திருப்பி உட்காரவைக்க வேண்டும். தூக்குகிறவருடைய தலை நோயாளியின் தோளுக்கு மேல் போகும். நோயாளியின் கைகள் அவர் முதுகை அணைத்திருக்கும். வேறு வழியே இல்லை, அவ்வளவு நெருக்கம். கலைமணி ஒல்லி, ஆனாலும் சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று செல்போனில் எடுத்தேன். சின்னராஜ் அவள் தோளுக்கு மேலாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை அந்த வீடியோவை மேடம் எல்லோருக்கும் போட்டார். முழங்கால் அணை நன்றாக இருக்கிறது என்றார். திருப்புவது நன்றாக இருக்கிறது என்றார். திருப்பும்போது கலைமணியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, அம்புக்குறியால் சுற்றிக் காட்டினார். முகம் செக்கச்செவேலென்று ஊதி, கண் பிதுங்கியிருந்தது.

"இது எல்லாரும் பண்ற தப்பு. வெயிட் தூக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கறாங்க பாருங்க. லிஃப்ட் செய்யும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, வெளிய விடணும். யாழினி, அவங்களுக்குச் சொல்லிக்குடுங்க."

சரி மேடம் என்றேன். கட்டங்களில் இருந்த தலைகள் ஒன்று விடாமல் ஆடின.

திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகக் கலைமணியிடம் அதைச் சொன்னேன். "தூக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கறீங்கக்கா. அப்படிப் பண்ணக் கூடாது. வெளியே விட்டுக்கிட்டே தூக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். கட்டிலில் இருந்தவர் பக்கம் ஒரு பார்வை. பிறகு என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை எடுத்தாள். தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் கன்றிக் கறுத்த தடம். பழசு மஞ்சளாக, அதன்மேல் புதுசு நீலமாக.

"வுட்டாத்தானுங்களே மேடம் மூச்சு வரும்" என்றாள்.

அங்கேயே அந்த வீடியோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகை அணைத்திருந்த வலது கை மெல்ல மேலே ஏறியிருந்தது. நாலு விரலும் அவள் பிடரியில். கட்டைவிரல் தொண்டையில். நடுவில் அவளால் கையை உதறவும் முடியாது. உதறினால் அவர் கீழே விழுவார். விழுந்தால், திரும்பவும் விழவைத்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். சிரித்துக்கொண்டே நெரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பையும் நான் படம் எடுத்திருக்கிறேன்.

நேரே கட்டிலுக்குப் போய்ச் செல்போனை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். "என்னண்ணா இது? உங்களுக்குச் சோறு பொங்கிப்போட்டு, பீ மூத்திரம் அள்ளுற கை அவங்களுது. அவங்க கழுத்தை நெரிக்கிறீங்க?"

"நான் இப்படிக் கெடக்கறேன். அவ ரெண்டு காலுல நடக்கறா. பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் அம்மிணி. நீங்க எக்சைஸச் சொல்லிக்குடுத்துட்டுப் போங்க."

முத்தாயம்மாளுக்குப் போன் போட்டேன். கட்டிலில் கிடக்கிறவனுக்கு ஆத்திரம் வரத்தானே செய்யும், அனுசரித்துப் போகச் சொல்லு கண்ணு என்றார். மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று கலைமணியிடம் கெஞ்சினேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"படுத்த படுக்கையா இருக்கறவரு மேல கேசு குடுத்தாளாம்னு காறித் துப்புவாங்க. எங்கண்ணனே ஊட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. எங்கூட்டுக்காரரே என்னப் போன்னு சொன்னாத்தான் நான் போக முடியுமுங்க."

வருவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அந்த வீட்டுக்குள் வெளியாள் என்று போய்வருவது நான் ஒருத்திதான். அதனால் நிறுத்தவில்லை. கைப் பயிற்சியை மட்டும் நிறுத்தினேன். செங்கல்லை எடுத்து வெளியே போட்டேன். ட்யூபை அவிழ்க்கப் போனபோது அவர் இழுத்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைப் பிடுங்க வலு இல்லை. நெருங்காமல் ஆளை மாற்ற வழவழப்பான பலகை ஒன்று செய்து கொண்டுபோனேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலம் போலப் போட்டுச் சறுக்கிவிடலாம். அதை அவர் சுவரில் அடித்து இரண்டாக்கினார். கடைசியில் கலைமணிக்கு ஒரே ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு பலசாலியின் பிடியாக இருந்தாலும், மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக நன்றாக மடக்கிவிட்டால் விரல் தானாக இளகும். நரம்பு இழுபடுகிற விதம் அப்படி. என் கையை அவள் கழுத்தில் வைத்து, அவளையே மடக்கச் சொல்லிப் பழக்கினேன். பிசியோதெரபி படித்து இந்தப் பாடம் நடத்துவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு வேறு மாதிரி. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கேட்க வேண்டிய பாடம், பக்கத்தில் உட்காரவையுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். சின்னராஜ் தூங்கும் நேரம் அது. சமையலறையில் அரிசி டின் மேல் செல்போனைச் சாய்த்துவைத்து நானும் கலைமணியும் உட்கார்ந்தோம். மேடம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கீழ் உடம்பில் வலி தெரியாது. ஆனால் வலி இருப்பது உடம்புக்குத் தெரியும். சின்னராஜுக்குப் போட்டிருப்பது போல, சிறுநீரை வெளியே ஒரு பைக்குள் இறக்கும் குழாய் மடங்கி, உள்ளே நீர்ப்பை நிரம்பிவிட்டால், என்ன ஏது என்று புரியாமல் உடம்பு ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மண்டை பிளக்கிற மாதிரி வலிக்கும். முகம் சிவக்கும், வேர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையைத் தேடி ஓடக் கூடாது, முதலில் குழாய்.

கலைமணி சேலைத் தலைப்பைத் திருகியபடி கேட்டாள். "பார்க்காம உட்டுட்டா என்னாகுமுங்க?"

நான் இங்கிலீஷில் கேட்பதற்கு முன்பே மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அவரும் தமிழ் தெரிந்தவர்தான், தமிழிலேயே சொன்னார். "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு உயிரே போயிரும்மா. ரொம்ப நல்ல கேள்வி. யாழினி, உங்க பேஷன்ட் குடுத்துவச்சவர். எவ்வளவு அக்கறையா கேக்கறாங்க பாருங்க."

கலைமணி வெட்கப்பட்ட மாதிரி தலை குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் போனபோது கலைமணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக வீங்கித் தொங்கியது. முன்பல் ஒன்று இல்லை. நெற்றியில் கட்டில் சட்டத்தின் கோடு அப்படியே பதிந்திருந்தது. போர்வை மாற்றும்போது கொத்தாகத் தலைமுடியைப் பிடித்துச் சட்டத்தில் மோதியிருக்கிறார். முடி அவிழ்ந்து முதுகெல்லாம் கிடந்தது. காகம் விரட்டுகிறவள் மாதிரி வெளியே பார்த்தபடி இருந்தாளே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா..."

"உள்ள போய்ப் பாருங்க மேடம். மண்ட வலிக்குதாமா" என்றாள்.

ஓடினேன். சின்னராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அரற்றிக்கொண்டிருந்தார். முகமும் கழுத்தும் ரத்தம் பாய்ந்து சிவந்து, வேர்வை கொட்டியது. நெஞ்சுக்குக் கீழே உலர்ந்து புல்லரித்துக் கிடந்தது. பாதி உடம்பு அடுப்பிலும் பாதி உடம்பு குளிரிலும். கருவியைக் கட்டிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றித் தலைமாட்டை நிமிர்த்தினேன். அந்தப் பக்கம் சுவரோரமாகத் தொங்கிய பையில் சொட்டு நீர் இல்லை. எட்டிப் பார்த்தேன். குழாயை மூன்றாக மடித்துக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது கறுப்பு ரப்பர் பேண்ட், பெண்கள் தலைமுடிக்குப் போடுவது.

அந்த நேரத்தில் யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. முதலில் குழாய். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்ததால் அவருக்குக் குறுக்கே குனிந்துதான் கையை நீட்ட முடியும். நீட்டினேன். விரல் ரப்பரைத் தொட்டது.

என் கழுத்தை இரண்டு கையும் பிடித்தன.

"ரெண்டு பேருஞ் சேந்துக்கிட்டு என்னயக் கொல்றீங்களாடி?"

இல்லை, அவிழ்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. விரல் நுனியில் ரப்பர் வழுக்கியது. அவர் என்னை மேலே இழுத்தார். நான் குழாயைப் பார்த்து இறங்க, அவர் என்னைத் தன் முகத்தைப் பார்த்து இழுக்க, கட்டைவிரல் இரண்டும் தொண்டைக்குள் இறங்கின. ஜன்னல் கம்பியில் ட்யூப் கட்டி நான் ஏற்றிய வலு அத்தனையும் அந்த விரல்களில் இருந்தது. அவரைப் பிழைக்கவைக்கிற கை ஒரு சாண் தள்ளி இருக்கிறது, அது நகர முடியாமல் அவரே பிடித்துக்கொண்டிருக்கிறார். இதை அவருக்குச் சொல்ல வழியே இல்லை. காதுக்குள் இரைந்தது. அவர் முகம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. சாகப்போகிறேன் என்று தெரிந்தது.

கலைமணி வந்தது எனக்குத் தெரியாது. அவர் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, உள்பக்கமாக மடக்கினாள். நான் சொல்லிக்கொடுத்ததை விடவும் மடக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விரல்கள் விரிந்தன. அவர் அலறினார். அடுத்த கையையும் அப்படியே பிடித்து மடக்கினாள். நான் தரையில் போய் விழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துச் சுவர் வரைக்கும் இழுத்துப் போட்டாள்.

அவருடைய இடது கை காற்றில் எங்களைத் தேடியது. தலையணை, செம்பு, கருவி, எது அகப்பட்டதோ எல்லாம் பறந்து வந்தது. பிறகு வலி தாங்காமல் தலையைச் சட்டத்தில் முட்டினார்.

"அவுத்து வுடுங்கடி... சாமி, அவுத்து வுடு சாமி... கலைமணி..."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். என் தொழில் அது. ஆனால் என் கால் எழவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செத்துத் தொலையட்டும் என்று நினைத்தேன். ஏதோ கோபத்தில் வந்து போகிற நினைப்பில்லை, முழு மனசோடு நினைத்தேன்.

போனது கலைமணிதான். அவர் மேல் குனியவில்லை. கால்மாட்டுப் பக்கமாகக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சுவரோரம் ஊர்ந்து போய், கீழிருந்தே ரப்பரை அவிழ்த்தாள். குழாயில் நீர் சடசடவென்று இறங்கிப் பை உப்பியது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தின் சிவப்பு வடிந்தது. அரற்றல் முனகலாகி, முனகல் மூச்சாகியது.

அவள் ஒட்டடையோடு வெளியே வந்து, ரப்பர் பேண்டைத் தரையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செத்துட்டா நிம்மதியாப் போயிருவாங்க மேடம். உசுரோட இருக்கட்டும்" என்றாள்.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "அவளப் போகச் சொல்லுங்க அம்மிணி. இனி அவ எங்கிட்ட வரக் கூடாது. எங்கியாச்சும் போகச் சொல்லுங்க."

கலைமணி அதைக் கேட்டாள். இரண்டாவது முறை சொல்வாரா என்று காத்திருக்கவில்லை. எழுந்து முகம் கழுவினாள். மஞ்சப்பையில் இரண்டு சேலையை வைத்தாள். தலையை வாரிக் கட்ட ரப்பர் பேண்டைத் தேடினாள். அதை நான் எடுத்து வைத்திருந்தேன். நான் கொடுக்கவில்லை, என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அவள் புரிந்துகொண்டு, சேலை நுனியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள்.

"வாரேனுங்க மேடம்" என்றாள். வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாமக்கல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் கைக்கு எட்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கேட்டார். செம்பை முக்காலியில் வைத்து, முக்காலியைக் கம்பால் கட்டிலோரம் தள்ளிவிட்டேன். பிறகு முத்தாயம்மாளுக்குப் போன் செய்தேன். என் குரல் எனக்கே யாரோ போல இருந்தது.

"கலைமணி போயிட்டாங்க. உங்க தம்பியே போகச் சொல்லிட்டாரு. இனி நீங்க வந்து பார்த்துக்கங்க."

"எங்க போனா? எப்ப வருவா?"

"வரமாட்டாங்க. குழாயப் பார்க்கணும், புரட்டிப் படுக்கவைக்கணும், தூக்கி உட்காரவைக்கணும். நான் சொல்லித்தர்றேன். இன்னைக்கே வாங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"நானெப்படி சாமி அவங்கிட்டப் போறது?" என்றார் முத்தாயம்மாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்ன வயசுலயே என் ஒரு காத அடிச்சுச் செவுடாக்குனவன் அவன்."